வாணலி எண்ணெய்க்கும் ஜெட் இன்ஜினுக்கும் ஒரே வியாதி! - ‘இது எப்படி?’ தொடர்

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி. முறுக்கு, அதிரசம், சோமாசி எல்லாம் சுட்டு முடித்த பிறகு அடுப்பில் இருக்கும் வாணலியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலையில் தெளிவாக ஊற்றிய எண்ணெய் கறுத்துப் போயிருக்கும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் முன்பைவிடக் கெட்டியாக இறங்கும். கடைசியாக ஒரு முறுக்கைப் போட்டால், காலையில் இல்லாத அளவுக்கு நுரைத்துப் பொங்கும். வாணலியின் ஓரத்தில், எண்ணெயும் காற்றும் சந்திக்கும் இடத்தில், பழுப்பாக ஒரு பிசுக்கு வளையம் பிடித்திருக்கும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் கை ஒடிந்துவிடும். மிச்ச எண்ணெயை எடுத்து வைத்து, சில வாரம் கழித்து மோந்து பார்த்தால் காறல் வாடை அடிக்கும்.

ஜெட் இன்ஜின் ஆயிலைச் சோதிக்கும் லேபில் தேடுவதும் கிட்டத்தட்ட இதே விஷயங்களைத்தான். எவ்வளவு கெட்டியானது, எவ்வளவு நுரைக்கிறது, எவ்வளவு பிசுக்கு படிகிறது, எவ்வளவு காறிப்போனது? வாணலி எண்ணெய் கெட்டால் கொட்டிவிட்டு வேறு ஊற்றலாம். 35,000 அடி உயரத்தில், நடுக்கடலுக்கு மேலே, அந்த வசதி கிடையாது. அதனால் ஓர் ஆயிலைப் பறக்கவிடும் முன், அதைத் தரையிலேயே வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கிறார்கள். எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரத்தில், எப்படிக் கெடுகிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்திலேயே நெருப்பு

ஜெட் இன்ஜினை எளிமையாகச் சொன்னால் ஒரு நீளமான சுழலும் தண்டு. முன்பக்கம் காற்றை இழுத்து அழுத்தும் பிளேடுகள், நடுவில் எரிபொருள் எரியும் அறை, பின்பக்கம் அந்த நெருப்புக் காற்று அடித்துச் சுழற்றும் டர்பைன் பிளேடுகள். டர்பைனுக்குள் நுழையும் காற்றின் சூடு 1,000 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். இந்தத் தண்டைத் தாங்குபவை பேரிங்குகள். ஏர்பஸ் ஏ320 விமானங்கள் பலவற்றில் இருக்கும் சிஎஃப்எம்56 இன்ஜினில் தண்டுகளைத் தாங்க 5 பேரிங்குகள் இருக்கின்றன. அதன் வேகமான தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 14,000 சுற்றுகளை ஒட்டிச் சுழலும்.

இந்தப் பேரிங்குகள் மேல் ஆயிலைப் பீய்ச்சி அடிப்பார்கள். உராய்வைக் குறைக்க ஒரு மெல்லிய படலம் போதும். ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆயில் பாய்கிறது. காரணம், அங்கே சேரும் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறுவதுதான் அதன் பெரிய வேலை. எடுத்து வந்த சூட்டை, குளிர்ந்து கிடக்கும் எரிபொருளிடம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகும். இப்படி ஓயாமல் சுற்றும் ஆயில் ஓர் இன்ஜினுக்குச் சுமார் 20 லிட்டர்தான். காரைப் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வடித்து மாற்றும் பழக்கமும் பொதுவாகக் கிடையாது. குறைகிற அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே போவார்கள். உள்ளே இருப்பது பழையதும் புதியதும் கலந்த ஆயில்.

சூடு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. பனி கொட்டும் ஊரில் ராத்திரி முழுக்க நின்ற விமானத்தை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் ஆயில் ஓட வேண்டும், அதே ஆயில் சில நிமிடங்களில் டர்பைன் பக்கத்துச் சூட்டையும் தாங்க வேண்டும். கெட்டியான எண்ணெய் என்றால் குளிரில் உறையும். நீர்த்த எண்ணெய் என்றால் சூட்டில் ஆவியாகும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சாதாரண ஆயிலை ஊற்றிப் பறந்த ஆரம்பகால ஜெட் இன்ஜின்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பாட்டி வைத்தியம் பறந்த கதை

இதற்கு வழி கிடைத்த கதையில் நம் விளக்கெண்ணெய் இரண்டு முறை வருகிறது.

முதல் முறை, முதல் உலகப்போரில். அப்போதைய போர் விமானங்கள் பலவற்றில் ரோட்டரி இன்ஜின். இன்ஜின் உடம்பே புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டதால் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே தெறித்துவிடும். பின்னால் திறந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பைலட்டின் முகமெல்லாம் விளக்கெண்ணெய். தரையிறங்கியதும் அவர்கள் ஓடிய திசையைப் பற்றி விமானப்படைகளில் உலவும் கிண்டல் கதைகளுக்குக் கணக்கில்லை. நம் வீடுகளில் மாதம் ஒருமுறை குடிக்கக் கொடுத்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 1909-ல் இங்கிலாந்தில் வந்த காஸ்ட்ரால் ஆயிலின் பெயரே, ஆமணக்கு எண்ணெய்க்கான ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது முறை, வேதியியல் வழியாக. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹெர்மன் சோர்ன் என்ற வேதியியலாளரும், அமெரிக்காவில் கடற்படை ஆய்வகமும் ‘எஸ்டர்’ வகை எண்ணெய்களை ஆராய்ந்தனர். ஓர் அமிலத்தையும் ஓர் ஆல்கஹாலையும் சேர்த்துச் சமைத்தால் கிடைப்பது எஸ்டர். குளிரில் ஓடும், சூட்டில் சீக்கிரம் ஆவியாகாது. அமெரிக்க விமானப்படை 1950-களில் பயன்படுத்தத் தொடங்கிய எஸ்டர் ஆயில்களில் முக்கியமான ஒன்றுக்கு வேண்டிய அமிலம் செபாசிக் அமிலம். அது எதிலிருந்து வருகிறது? விளக்கெண்ணெயிலிருந்து! ஆமணக்கை உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடு இன்றும் இந்தியாதான். பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது.

இன்ஜின்கள் பெரிதாகி, சூடு ஏறியதும் அந்த எஸ்டரும் போதவில்லை. 1960-களில் பாலியால் எஸ்டர் என்ற இன்னும் உறுதியான ரகத்துக்கு மாறினார்கள். இன்றைக்குப் பயணிகள் விமானங்களில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். 100 டிகிரி சூட்டில் இதன் ஓட்டத்தன்மை 5 சென்டிஸ்டோக். அறையில் இருக்கும் தண்ணீரின் ஓட்டத்தன்மை சுமார் 1. பைக்குக்கு ஊற்றும் ஆயிலைப் பார்த்துப் பழகியவர்கள், ‘இவ்வளவு தண்ணியாகவா?’ என்று கேட்பார்கள்.

72 மணி நேரச் சித்திரவதை

இந்த 5 சென்டிஸ்டோக் ரகத்துக்கு அமெரிக்கக் கடற்படை எழுதிய விதிப்புத்தகம்தான் பல ஆண்டுகளாக உலகத்துக்கே அளவுகோல். அதில் இருக்கும் சோதனைகளைப் படித்தால் ஆயில் மேல் பரிதாபமே வந்துவிடும்.

முதலில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் ஆயிலை ஊற்றி, ஸ்டீல், அலுமினியம், வெள்ளி, தாமிரம், மெக்னீசியம் போன்ற உலோகத் துண்டுகளைப் பளபளவென்று தேய்த்து, எடை போட்டு உள்ளே தொங்கவிடுகிறார்கள். அடியிலிருந்து காற்று குமிழ் குமிழாகப் போய்க்கொண்டே இருக்கும். சூடு 175 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட வடை பொரியும் சூடு. அப்படியே 72 மணி நேரம், மூன்று பகல் மூன்று இரவு. அதில் பாஸ் ஆனால் போதாது. புது ஆயிலை எடுத்து 204 டிகிரியில் மறுபடி 72 மணி நேரம். அதற்கு மேல் 218 டிகிரியில் இன்னொரு 72 மணி நேரம்.

உலோகத் துண்டுகள் எதற்கு? இன்ஜினுக்குள் இந்த உலோகங்கள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. பேரிங்கின் கூண்டுக்கு வெள்ளி முலாம் பூசுவதுண்டு. உலோகம் ஆயிலைக் கெடுக்கும், கெட்ட ஆயில் உலோகத்தை அரிக்கும். தாமிரம் இதில் மோசமான ஆசாமி. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதை அது வேகப்படுத்திவிடும். மூன்று நாள் முடிந்ததும் ஆயில் எவ்வளவு கெட்டியானது, எவ்வளவு அமிலம் சேர்ந்தது, அடியில் எவ்வளவு கசடு தங்கியது என்று பார்க்கிறார்கள். காறல் வாடையை நாம் மூக்கால் கண்டுபிடிக்கிறோம். அங்கே அதற்கு ‘அமில எண்’ என்று ஒரு கணக்கு. உலோகத் துண்டுகளை எடுத்து மறுபடி எடை பார்ப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மில்லிகிராமில் பத்தில் சில பங்கு கூடிக் குறைந்தாலே ஃபெயில்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயிலைக் கெடுத்தது சூடா, சூட்டோடு சேர்ந்த காற்றா? இரண்டும் வெவ்வேறு வியாதி. அதனால் காற்றே இல்லாமல் மூடிய குழாயில் 274 டிகிரியில் 96 மணி நேரம் வைத்து, சூடு மட்டும் என்ன செய்கிறது என்று தனியாகப் பார்ப்பார்கள்.

மற்றவை கொஞ்சம் எளிய சோதனைகள். 204 டிகிரியில் ஆறரை மணி நேரம் வைத்தால் ஆவியாகிப் போவது 10 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றை ஊதி நுரைக்க வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் நுரை அடங்க வேண்டும். மைனஸ் 40 டிகிரியில் 72 மணி நேரம் கிடந்தாலும் ஓட்டம் மாறக் கூடாது. மைனஸ் 54 வரை உறையவும் கூடாது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஏ320-ல் இருக்கும் சிஎஃப்எம்56 இன்ஜினில் ஆயிலின் சூடு 140 டிகிரி வரைதான் தொடர்ந்து போகலாம், 155 டிகிரி என்றால் 15 நிமிடம் மட்டுமே என்று பைலட்டுக்கு விதி இருக்கிறது. அப்படியிருக்க, லேபில் 274 வரை ஏன் போக வேண்டும்? சோறு வெந்துகொண்டிருக்கும் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை முழுவதும் 100 டிகிரிதான். ஆனால் அடியில் ஒட்டிய பருக்கை கருகிவிடுகிறதே! காக்பிட்டில் தெரிவது மொத்த ஆயிலின் சூடு. டர்பைன் பக்கத்துப் பேரிங் அறையின் சுவரிலும், அங்கே போகும் மெல்லிய குழாயின் உள்பக்கத்திலும் ஒட்டும் ஒரு துளி ஆயிலுக்குக் கிடைக்கும் சூடு வேறு.

அடிப்பிடிக்கும் நேரம்

அந்த ஒரு துளிதான் உண்மையான தலைவலி. அது கருகிக் கரியாகப் படியும். மேலே இன்னொரு துளி, இன்னொரு படலம். குழாய் குறுகும். அல்லது படிந்த கரி செதில் செதிலாகப் பெயர்ந்து வந்து, ஆயிலைப் பீய்ச்சும் சின்னத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். பேரிங்குக்கு ஆயில் கிடைக்காது.

இது அதிகம் நடப்பது விமானம் பறக்கும்போது அல்ல, நின்ற பிறகு. பறக்கும்போது ஆயில் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடு வெளியேறிவிடும். இன்ஜினை அணைத்ததும் பம்பும் நிற்கிறது, காற்றும் நிற்கிறது. ஆனால் டர்பைன் உலோகம் இன்னும் தகிக்கிறது. அந்தச் சூடு மெல்ல மெல்லத் தண்டு வழியாகப் பேரிங் அறைக்கு இறங்கும். அங்கே தேங்கிய ஆயில் ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே வறுபடும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் புகைவதைப் போல. தரையிறங்கிய விமானத்தின் இன்ஜினைச் சட்டென்று அணைக்காமல், குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏ320-ல் வழக்கமாக 3 நிமிடம். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் பையை எடுக்கத் துடிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இந்தக் கரியை அளக்க ஒரு தனிச் சோதனை. மெல்லிய உலோகக் குழாய் ஒன்றை 375 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் ஆயிலை மணிக்கணக்கில் ஓடவிடுகிறார்கள். பிறகு குழாயை எடுத்து எடை போடுகிறார்கள். கூடியிருக்கும் எடைதான் கரி. சில நல்ல ஆயில்களுக்கு அது ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது.

அடுத்தது 100 மில்லிமீட்டர் ரோலர் பேரிங் ஒன்றை, இன்ஜினுக்குள் இருப்பதைப் போலச் சூடாக்கி 100 மணி நேரம் ஓட்டும் சோதனை. இது முடிந்ததும் நடப்பதுதான் சுவாரஸ்யம். இயந்திரத்தைக் கழற்றி, பயிற்சி பெற்ற ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பார். இங்கே லேசான பழுப்பு, அங்கே பிசுக்கு, இந்த மூலையில் கெட்டிக் கரி, இத்தனை சதவிகிதப் பரப்பில் என்று எழுதி, ரகத்துக்கு ஏற்ப மார்க் போடுவார். குறைவான மார்க் வாங்கினால்தான் பாஸ் என்ற விநோதப் பரீட்சை இது. இவ்வளவு கருவிகள் இருந்தும், அழுக்கு எப்படிப்பட்டது என்று சொல்ல மனிதக் கண் தேவைப்படுகிறது. பாத்திரம் தேய்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இவை தவிர பல்சக்கரச் சோதனையும் உண்டு. இரண்டு பல்சக்கரங்களை ஆயில் ஊற்றிச் சுழலவிட்டு, படிப்படியாகச் சுமையை ஏற்றுவார்கள். பற்களின் பரப்பில் சராசரியாக 22.5 சதவிகிதம் சிராய்த்துப்போகும் சுமை எதுவோ, அதுதான் ஆயிலின் தாங்கும் சக்தி. எல்லாம் தாண்டிய பிறகுதான் நிஜ இன்ஜின்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று

‘சூட்டை நன்றாகத் தாங்கும் எண்ணெயைச் செய்துவிட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை சோதனை?’ என்று கேட்கலாம். செய்தார்கள். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம் 1964 டிசம்பரில் முதல்முறையாகப் பறந்தது. காற்றின் உராய்விலேயே உடம்பு கொதிக்கும் விமானம் அது. அதன் இன்ஜினுக்கு பாலிஃபினைல் ஈதர் என்ற அபாரமான எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். சூட்டைத் தாங்கியது. ஆனால் சுமார் 30 டிகிரிக்குக் கீழே வந்தால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைப்பதுபோல, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயிலைச் சூடுபடுத்த வேண்டியிருந்தது. ஓர் உளவு விமானத்துக்கு அந்த உபசாரம் செய்யலாம். ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கும் பயணிகள் விமானத்துக்கு முடியாது.

ரப்பரும் இப்படித்தான். ஆயில் காற்றோடு சேர்ந்து கெடாமல் இருக்க அமீன் வகை வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். கரி குறையும். ஆனால் இவற்றில் சில, இன்ஜினில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களைத் தாக்கி இறுக வைத்துவிடும். எஸ்டர் எண்ணெயோ சில ரப்பர்களை ஊறிப் பருக்கச் செய்யும். அதனால் பல ரக ரப்பர் துண்டுகளை ஆயிலில் போட்டு, ஒரு ரகத்தை 204 டிகிரி வரைகூடச் சூடாக்கி, 72 மணி நேரம் ஊறவைத்து அளப்பதும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

ஒரு ரப்பர் வளையத்துக்கு இவ்வளவு மரியாதையா? 1983 மே 5-ம் தேதி காலை அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகரத்துக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 விமானத்தில் 172 பேர் இருந்தார்கள். மூன்று இன்ஜின்கள். முந்தைய இரவு பராமரிப்பில், ஆயிலில் உலோகத்தூள் வருகிறதா என்று பார்க்கும் காந்தச் செருகியை மூன்று இன்ஜின்களிலும் மாற்றியிருந்தார்கள். புதிதாகப் போட்ட செருகிகளில் இருக்க வேண்டிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றில்கூட இல்லை. மாற்றிய பிறகு சில விநாடிகள் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தபோது கசிவு தெரியவில்லை.

நாசாவ் நெருங்கும் நேரத்தில் நடு இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தது. கேப்டன் அதை அணைத்துவிட்டு மயாமிக்கே திரும்பினார். கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டு இன்ஜின்களின் ஆயில் அளவும் பூஜ்யம் என்று காட்டியது. மூன்று இன்ஜினிலும் ஒரே நேரத்தில் ஆயில் தீர்ந்துபோகும் என்று யார் நம்புவார்கள்? மீட்டர்தான் கோளாறு என்று நினைத்தார்கள். பிறகு மூன்றாவது இன்ஜின் நின்றது. சில நிமிடங்களில் முதல் இன்ஜினும் நின்றது. கீழே அட்லான்டிக் கடல். பயணிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் விழத் தயாரானார்கள். சுமார் 4,000 அடிக்கு இறங்கிய நிலையில், முதலில் அணைத்து வைத்த அந்த நடு இன்ஜின் மறுபடி உயிர்பெற்றது. ஆயிலே இல்லாமல் சுழன்று சாகும் நிலைக்குப் போவதற்கு முன்பே அதை நிறுத்தியிருந்ததுதான் காப்பாற்றியது. அந்த ஒற்றை இன்ஜினோடு மயாமியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆயில் ரகத்தில் எந்தக் குறையும் இல்லாத விபத்துதான். ஆனாலும் ரப்பர் வளையம் வேலை செய்யவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

உரசலைத் தடுக்கும் விஷம்

ஆயில் டின்னில் இன்னொரு பொருள் இருக்கிறது. பெயர் ட்ரைகிரெசில் பாஸ்பேட், சுருக்கமாக டிசிபி. நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கி, பல்சக்கரச் சோதனையில் ஆயிலைக் கரையேற்றுவது இதுதான். இதன் ஒரு வகை மனித நரம்புகளுக்கு விஷம்.

1959 செப்டம்பர். மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரத்தில் ஏழைக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தன. கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தொங்கிப்போதல், பிறகு கைகள். நோய் தொற்றுகிறதோ என்று பயந்தார்கள். கடைசியில் பிடிபட்டது சமையல் எண்ணெய். அமெரிக்க விமானப்படைத் தளத்திலிருந்து உபரி என்று விற்கப்பட்ட ஜெட் இன்ஜின் ஆயிலை வாங்கிய வியாபாரிகள், சமையல் எண்ணெயில் கலந்து மலிவாக விற்றிருந்தார்கள். சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் பல நாடுகளிலிருந்து டாக்டர்களையும் பிசியோதெரபி நிபுணர்களையும் அனுப்ப வேண்டியிருந்தது. கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஆயில், வாணலியில் எந்த வித்தியாசமும் காட்டாமல் சூடாகியிருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் இலங்கையில் நடந்தது. 1977-78-ல் தேயிலைத் தோட்டங்களில் 20-க்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்கு இதே போலக் கை கால்கள் பலவீனமாயின. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் குடும்பங்களின் பழக்கம். அந்த நல்லெண்ணெயில் டிசிபி கலந்திருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருக்க, அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை அந்தக் கிண்ணத்தில் இருந்தது. இங்கே விமானம் எதுவும் கதையில் இல்லை. வேதிப்பொருள் மட்டும் அதே.

இன்றைய ஜெட் ஆயிலில் சேர்க்கும் டிசிபி-யில் அந்த விஷ வகையை மிக நுண்ணிய அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் விவாதம் ஓயவில்லை. பெரும்பாலான விமானங்களில் பயணிகள் சுவாசிக்கும் காற்று இன்ஜினின் முன்பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் கேபினுக்குள் அழுக்கு சாக்ஸ் போன்ற நாற்றம் வரும். அதன் பிறகு தலைவலி, மயக்கம் என்று பைலட்டுகளும் விமானப் பணிப்பெண்களும் பல நாடுகளில் புகார் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஆயில்தான் காரணமா, எவ்வளவு காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எப்போதாவது பறக்கும் பயணி டிக்கெட்டை கேன்சல் செய்யும் அளவுக்கான விஷயம் அல்ல இது. தினம் பறப்பவர்கள் கேட்கும் கேள்வியை ஒதுக்கித் தள்ளுவதும் சரியல்ல. போயிங் 787 விமானத்தில் கேபின் காற்றை இன்ஜினிலிருந்து எடுக்காமல், தனி மின்சாரக் கம்ப்ரஸர்கள் வழியாக வெளியிலிருந்து எடுக்கிறார்கள்.

டிசிபி-யையே தூக்கிவிட்டு வேறொன்றைச் சேர்க்கலாமே என்ற முயற்சியும் நடக்கிறது. ஆனால் புதிய பொருள் உரசலைத் தடுத்தால் மட்டும் போதாது. அது சூட்டில் கரியைக் கூட்டுகிறதா, வெள்ளியை அரிக்கிறதா, ரப்பரைப் பருக்க வைக்கிறதா, ஏற்கெனவே இன்ஜினுக்குள் இருக்கும் வேறு கம்பெனி ஆயிலோடு கலந்தால் திரிகிறதா? எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். மறுபடி அதே கண்ணாடிக் குழாய், அதே உலோகத் துண்டுகள், அடியிலிருந்து வரும் குமிழ்கள். 175 டிகிரியில் முதல் 72 மணி நேரம் தொடங்கும்.